டேங்கருக்குக் காத்திருப்பதும் அரசியல்தான்

வணக்கம் சார்,

வீட்டில் அரசியல் பேச வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். என் வாரத்தைச் சொல்கிறேன். காலையில் டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், அப்புறம் லாகின். தண்ணீர் டேங்கர் வரும் நாளில் நான்தான் கீழே இறங்கி நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கப்பன் பார்க் அல்லது மால். அரசியல் என்றால், ராத்திரி அவரும் நானும் தமிழ் சேனலில் விவாதம் பார்ப்பதோடு சரி. ஓட்டு இன்னும் தென்காசிப் பக்கம் ஊரில்தான் இருக்கிறது. இங்கே யார் எந்தக் கட்சி என்றே தெரியாது. காவிரி கலாட்டா வந்தால் ரோட்டில் தமிழ் பேசவே யோசிக்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு அரசியல் என்று ஒன்று இருக்கிறதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஹொரமாவு, பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

ராத்திரி விவாதத்தை அரசியல் என்கிறீர்கள், டேங்கருக்கு நிற்பதை வீட்டு வேலையில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. விவாதம் பார்ப்பது பொழுதுபோக்கு. நாள் முழுக்க ஓடிக் களைத்தவருக்கு அது வேண்டியதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வாரத்தில் அரசியல் இருக்கும் இடம், டேங்கர் தண்ணீரை இறக்கும் அந்த சம்ப் (தரைக்கடித் தொட்டி) பக்கம்தான்.

எங்கள் கட்டடத்தில் டேங்கர் வந்தால் கன்னடக்கார அம்மா ஒருவர் கையில் சின்னக் குச்சியோடு இறங்குவார். ஓட்டுநர் பைப்பைச் சுருட்டத் தொடங்கியதும் டேங்கரின் அடிப்பாகத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். சத்தத்திலேயே தெரிந்துவிடும். 'இன்னூ இதே' (இன்னும் இருக்கிறது) என்பார், பைப் மறுபடி சம்புக்குள் போகும். வந்த நேரம், தொகை எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் குழாயில் காவேரி நீர் வரும் கனெக்‌ஷனுக்கு இவ்வளவு பணம் கட்ட வேண்டுமா என்று ஆளாளுக்கு இழுத்தபோது, அந்த நோட்டை மேஜையில் வைத்து டேங்கருக்கு மாதாமாதம் போகும் தொகையைப் படித்துக் காட்டினார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நான் நேரில் பார்த்த அரசியலில் அதற்கு இணையாக அதிகம் சொல்ல முடியாது.

2007இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்காகத்தான் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டம் வந்தது. 2024 அக்டோபரில் தொடங்கி வைத்தார்கள். நாளுக்கு 77.5 கோடி லிட்டர் என்பது கணக்கு. மண்டியா மாவட்டத்துத் தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், மேட்டில் ஏற்றி ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். அந்தக் குழாய் எந்தத் தெருவுக்கு எப்போது வரும், தோண்டிய சாலையை யார் மூடுவது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதையெல்லாம் கேட்க ஒரு கார்ப்பரேட்டர், அதாவது வார்டு கவுன்சிலர், வேண்டும். இந்த நகரத்தில் 198 வார்டுகளின் கார்ப்பரேட்டர்களுக்கும் 2020 செப்டம்பரில் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் அதிகாரிகளே நடத்தினார்கள். 2025இல் நகரத்தை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தபோதும் மன்றத்தில் உட்கார உறுப்பினர்கள் இல்லை. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஊரில் இப்படி நடந்ததை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நீங்கள் பார்க்கும் விவாதங்களில் இதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியதுண்டா?

உங்கள் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. காவிரிக் கலவரம் நடந்த 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் இங்குள்ள தமிழர் யாருக்கும் மறக்காது. ஆனால் இன்னொன்றும் நடந்தது. அல்சூர் ஏரிக்கரையில் 18 வருஷம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்ட் 9 அன்று இரண்டு மாநில முதல்வர்களும் நின்று திறந்தார்கள். நான்காம் நாள் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. உட்கார்ந்து பேசினால் நடக்கிறது. 2018 காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கொடுத்த 14.75 டிஎம்சியில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. அந்தக் குழாய் நீரில் உங்கள் பிள்ளைகளின் பங்கும் இருக்கிறது. 'கன்னடா கொத்தில்லா' (கன்னடம் தெரியாது) என்று ஒதுங்கியிருந்தால் அதைக் கேட்டு வாங்க முடியாது. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வாக்கியம் பேசும் அளவுக்காவது கற்றுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டில் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினால், கலாட்டா நாளிலும் அந்தத் தெருவில் தைரியமாக நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள். கப்பன் பார்க்கில் சிவப்புக் கட்டடத்தின் முன்னால் நிற்கும் சேஷாத்ரி ஐயரின் சிலையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மைசூரின் திவான் ஆனவர். ஹெசரகட்டா ஏரியிலிருந்து பெங்களூருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் அவர் காலத்தில்தான் நிறைவேறியது.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் ஓட்டு இருந்தால்தான் ஊரோடு தொடர்பு என்று பலரும் நினைக்கிறார்கள். தேர்தலுக்குப் பஸ் பிடித்துப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவதில் உள்ள நிறைவு எனக்கும் தெரியும். ஆனால் 1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்க வேண்டும் என்கிறது. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஊரில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் எம்எல்ஏவால் ஹொரமாவு சாக்கடைக்கு ஒன்றும் செய்ய முடியாது. இங்கே உங்கள் தெருவில் பாதிப் பேர் இப்படி வெளியூர்ப் பட்டியலில் இருந்தால், ஓட்டு கேட்டு வருகிறவர் அந்தத் தெருவுக்குள் ஏன் நுழைய வேண்டும்? முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம், இங்குள்ள முகவரிக்கு ஒரு சான்று போதும். உங்களுக்கும் அவருக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். தேர்தல் அறிவிப்பு வரும்வரை தள்ளிப்போடாமல் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.

அன்புடன்.