பத்தாம் நம்பர் ஸ்பேனர்

கேள்வி: நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பச்சியும் ஆத்தாவும் (எங்கள் பக்கம் அப்பா, அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் இருக்கிறார்கள். பொங்கல் லீவில் வந்தபோது வீட்டில் நிற்கும் பழைய ஸ்விஃப்டில் புது ஆடியோ சிஸ்டம் போட்டேன். ஆண்ட்ராய்டு டச் செட், நாலு சேனல் ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் பத்து இஞ்ச் சப்வூஃபர். மொத்தம் 38,000 ரூபாய். தெரிந்த பையன் ஒருவன் அரை நாளில் மாட்டிக் கொடுத்தான். இப்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ‘ங்ஙீ’ என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது. வால்யூமைக் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடுகிறது. மணி, ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் தினமும் அழிந்துபோகின்றன. அப்பச்சி கேட்கிற கோடை பண்பலையைக்கூட ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கிறது. மூன்று நாள் வண்டியை எடுக்காமல் விட்டால் பேட்டரி டவுன். ஆனால் அப்பச்சி ராத்திரி பின்பக்க ஷெட்டுக்குப் போய் டெர்மினலைக் கழற்றிவிட்டு, காலையில் மார்க்கெட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்கிறார். அதனால் அது இப்போதைக்குப் பிரச்னை இல்லை. (போன வருஷம் அவருக்கு மதுரையில் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து தூரமாக ஓட்டுவதில்லை.) சத்தத்துக்கு நாய்ஸ் ஃபில்டர் போடலாமா? எது நல்லது?

– வாசகர், சென்னை

பதில்: ஃபில்டர் வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நாலு கோளாறு இருக்கிறது. மூன்றைக் கோளாறு என்று எழுதிவிட்டு, நாலாவதற்கு மட்டும் “பிரச்னை இல்லை” என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். யாருக்குப் பிரச்னை இல்லை, தம்பி?

பள்ளத்தூர் வீடுகள் எனக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். ராத்திரிப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுஷர் எழுந்து, வளவைக் கடந்து, இரண்டாம் கட்டைக் கடந்து, அடுப்படியையும் தாண்டி ஷெட்டுக்குப் போகிறார். வழியில் எத்தனை நிலைப்படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரை நட்டில் பொருத்தித் திருப்பி, கிளாம்பை ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். இரண்டு கையும் அதற்கே சரியாகிவிடும். டார்ச்சை யார் பிடிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆத்தாதான் பிடிப்பார், வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்?

கண் ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர், இருட்டில், பேட்டரியின் மேல் இரும்பு ஸ்பேனரோடு குனிந்து நிற்கிறார். கழற்றுவது மைனஸா பிளஸ்ஸா என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா? மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் பக்கம் கைவைத்து, ஸ்பேனர் பாடியில் பட்டுவிட்டால் பொறி பறக்கும். ஆபரேஷன் செய்த கண் அதற்கு நேர் மேலே இருக்கிறது. இதை நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு எழுதியிருக்கிறீர்கள்.

இது எனக்குப் புதிய கதை இல்லை. காரைக்குடியைச் சுற்றி எழுபத்தாறு ஊர் என்று சொல்லி வந்த நகரத்தார் வீடுகள் பலவற்றில் இப்போது வயசானவர்கள் இரண்டு பேராக இருக்கிறார்கள். பிள்ளைகள் வருகிறார்கள், எதையாவது வாங்கி மாட்டிவிட்டுப் போகிறார்கள். இன்வெர்ட்டர், கேமரா, குரலுக்குப் பதில் சொல்லும் டப்பா. நானும் செய்தவன்தான். எங்கள் ஆத்தாவுக்குத் தண்ணீர் சுத்தம் பண்ணும் மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த வருஷம் போனபோது அதன்மேல் ஒரு ஈரிழைத் துண்டு போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால் ஃபில்டர் மாற்றச் சொல்லி சிவப்பு விளக்கு எரிகிறது. “ராத்திரி கண்ணைக் குத்துச்சு, அதான்” என்றார். எத்தனை மாசமாக என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் ஒரு பொருளை வைத்தவன்தான் அதன் கோளாறையும் சுமக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் பாட்டை எடுத்துக்கொண்டு, வேலையை அப்பச்சியிடம் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பத்து இஞ்ச் சப்வூஃபரை யார் கேட்டார்கள்? மார்க்கெட்டுக்குப் போகிற வண்டியில் டிக்கியில் பாதியை அது அடைத்துக்கொண்டால் காய்கறிப் பை எங்கே போகும்?

சரி, வண்டிக்கு வருகிறேன். கோளாறு எங்கே என்பதை உங்கள் ‘மூன்று நாள்’ கணக்கே சொல்லிவிடுகிறது. இந்த அளவு பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி (ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் சுமார் 35 மணி நேரம் தாங்கும்). பூட்டி நிறுத்திய வண்டி 20 முதல் 50 மில்லியாம்பியர் வரை குடித்தால் தப்பில்லை. நல்ல பேட்டரி என்றால் இரண்டு வாரம் கழித்து வந்தாலும் ஸ்டார்ட் ஆகும். அதுவே அரை ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர். மூன்று நாளில் 36, பேட்டரி காலி. சும்மா விழித்துக்கொண்டிருக்கும் ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய இவ்வளவுதான் குடிக்கும். ஆக, உங்கள் ஆம்ப்ளிஃபயர் தூங்குவதே இல்லை.

செட்டுக்குப் பின்னால் வரும் மஞ்சள் வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். மணியும் ஸ்டேஷனும் நினைவில் நிற்பது அதனால்தான். சிவப்பு வயருக்குச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வர வேண்டும். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட வயர் ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கு. செட் அணைந்தால் அதுவும் அணைந்துவிட வேண்டும். அரை நாளில் வேலையை முடிக்கிறவர்கள் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். இல்லாவிட்டால் நீல வயரை நேராக 12 வோல்ட்டில் கொடுத்துவிடுவார்கள். பாட்டு நன்றாகவே பாடும், நீங்களும் கை குலுக்கிப் பணம் கொடுப்பீர்கள். வண்டியைப் பூட்டி அரை மணி கழித்து ஆம்ப்ளிஃபயரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாகவோ விளக்கு எரிந்துகொண்டோ இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

செட்டுக்கு மறதி என்று குறைப்படுகிறீர்களே, மறக்காமல் என்ன செய்யும்? அப்பச்சி டெர்மினலைக் கழற்றியதும் மஞ்சள் வயரும் செத்துவிடுகிறது. காலையில் மாட்டும்போது அது கடையிலிருந்து அப்போதுதான் வந்த செட். பழைய செட்டில் குமிழைப் பார்க்காமலே திருகி 100.5 வைத்துக்கொண்டிருந்தவர், இப்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டச் ஸ்கிரீனில் தேடுகிறார், அதுவும் தினமும்.

இனி நான் நிஜமாகவே பயப்படும் விஷயம். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தடி வயர் ஒன்று போயிருக்கும். அதில் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். உங்கள் கடிதத்தில் ஃபியூஸ் என்ற சொல்லே இல்லை. அந்த வயர் எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் வளையம் இல்லாமல் போட்டிருந்தால், அதிர்வில் தோல் தேய்ந்து ஒருநாள் பாடியைத் தொடும். ஃபியூஸ் இருந்தால் அது போகும். இல்லாவிட்டால் வயர் பழுத்து எரியும். மேலே தேக்குமரக் கூரை. அந்த வரைக்கும் ராத்திரி அப்பச்சி கழற்றி வைப்பது நல்லதுதான் என்று எனக்கே தோன்றுகிறது, போங்கள்.

நீங்கள் கேட்ட சத்தம் இதற்குப் பிறகுதான். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்குகிறது என்றால் அது எஞ்சினோடு சுற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆம்ப்ளிஃபயரின் எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் வயர்) சரியில்லாததால் பாட்டோடு கலக்கிறது. சீட் போல்ட்டில் பெயிண்டின் மேலேயே வளையத்தைப் போட்டு இறுக்கியிருப்பான் அந்தப் பையன். பெயிண்டைச் சுரண்டி வெள்ளைத் தகடு தெரிய வைத்து, பவர் வயர் அளவே தடியான எர்த் வயரை, முடிந்தவரை குட்டையாக அதில் இறுக்க வேண்டும். பாட்டு வரும் வயர் வண்டியின் ஒரு பக்கமும் பவர் வயர் மறுபக்கமும் போக வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் சத்தம் வராமல் என்ன வரும்? சிவப்பு விளக்குக்குப் பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் எங்கோ பாடியில் படுவதுதான் காரணம், அல்லது பவர் வயர் மெலிசு, அல்லது சப்வூஃபரின் ஓம்ஸ் (மின்தடை அளவு) அந்த ஆம்ப்ளிஃபயருக்குப் பொருந்தவில்லை. மெக்கானிக் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் பிடித்துவிடுவார்.

இதைப் போனில் சொல்லி முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். “கடைக்கு எடுத்துட்டுப் போங்க அப்பச்சி, நான் ஜிபே பண்றேன்” என்ற வசனம் வேண்டாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளூர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, ஆம்ப்ளிஃபயர் வயரைப் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து எடுத்து முனையில் டேப் சுற்றச் சொல்லுங்கள். செட்டின் ஃபியூஸையும் பிடுங்கி வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிஷ வேலை. வண்டி ஊமையாக ஓடட்டும். அன்று ராத்திரியிலிருந்து ஷெட்டுக்குப் போக வேண்டியதில்லை என்று நீங்களே அப்பச்சியிடம் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுப் பல்லவன் ரயிலைப் பிடித்தால் ராத்திரி காரைக்குடி. சனிக்கிழமை காலை வயர் வேலை தெரிந்த கடையாகப் பார்த்து வண்டியை விட்டு, அங்கேயே பெஞ்சில் உட்காருங்கள். வேலை முடிந்ததும் மைனஸ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டர் வைத்து, வண்டியைப் பூட்டி அரை மணி காத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பக் கூடாது, மீட்டர் ஃபியூஸ் போய்விடும். 50 மில்லியாம்பியருக்கு மேல் காட்டினால் காசு கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டு செட்டில் ‘ஸ்லீப்’ என்று ஒரு செட்டிங் இருக்கும். அதுவும் பேட்டரியைக் குடிக்கும், அணைத்துவிடுங்கள். சப்வூஃபரைக் கழற்றிச் சென்னைக்கு எடுத்துப் போங்கள். பழைய செட் ஷெட்டில் கிடந்தால் அப்பச்சியிடம் எது வேண்டும் என்று கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.

அப்புறம் திரும்பிப் போய், நாலு நாள் வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொல்லி, ஐந்தாம் நாள் காலையில் போன் போடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆச்சா என்று கேளுங்கள். “ஆச்சுப்பா, ஒண்ணும் பிரச்னை இல்லை” என்று அப்பச்சி சொல்வார். போனை ஆத்தாவிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.