குதிரைக்கு மார்க்: ஹண்டர் போட்டி நடத்துவோருக்கான கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு வட்டாரத்தில் குதிரையேற்றம் பழகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஹண்டர் பாணிப் போட்டி நடத்துவது பற்றியவற்றை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

எங்கள் பள்ளியில் இருபது முப்பது பேர் குதிரையேற்றம் பழகுகிறார்கள். பாதிப் பேர் பிள்ளைகள். இதுவரை ஷோ ஜம்பிங் மட்டும்தான் நடத்தியிருக்கிறோம். இந்த முறை ஹண்டர் வைக்கலாம் என்கிறார் பயிற்சியாளர். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? என்னென்ன பிரிவுகள் வைப்பது?
– வாசகி, அம்பாங்

ஷோ ஜம்பிங்கில் கம்பு விழுந்தால் நான்கு தவறுப் புள்ளி, மிச்சத்தைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும். குதிரை எப்படித் தாண்டியது என்று யாரும் கேட்பதில்லை. ஹண்டரில் கடிகாரத்துக்கு வேலையே கிடையாது. எட்டுத் தடைகளையும் குதிரை ஒரே வேகத்தில் பதற்றமில்லாமல் தாண்டுகிறதா, முன்னங்கால் முட்டியை உயர்த்தி மடக்குகிறதா, வளைவில் சரியான காலை முன்வைத்து ஓடுகிறதா என்றெல்லாம் பார்த்து நடுவர் நூற்றுக்கு மார்க் போடுவார். நரி வேட்டைக்கு நாள் முழுக்க ஏறிப் போக எந்தக் குதிரை சுகமாக இருக்கும் என்ற பழைய பார்வையிலிருந்து வந்த முறை இது. அமெரிக்காவில் பெரிதாக வளர்ந்தது. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. நடத்தும் விளையாட்டுகளில் ஹண்டர் கிடையாது. ஆகவே விதிமுறையை நீங்களேதான் ஒரு பக்கத்தில் எழுதி, நுழைவுப் படிவத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். "அமெரிக்க விதிப்படி" என்று ஒரு வரி போட்டுவிட்டு விட்டால், போட்டியன்று வாய்ச்சண்டை நிச்சயம்.

பிரிவுகளுக்கு வருவோம். வெளிநாட்டுப் போட்டி அட்டவணையைப் பார்த்து அப்படியே போடுவதுதான் முதல் தவறு. அங்கே நூற்றுக்கணக்கான குதிரைகள் வரும்; உங்களிடம் இருப்பவை பதினைந்து. முதலில் குதிரைகளின் பெயரை எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரே அது வாரா வாரம் நிம்மதியாகத் தாண்டும் உயரத்தை எழுதுங்கள். என்றோ ஒரு நாள் தாண்டிய உயரம் கணக்கில் வராது. அந்தப் பட்டியலிலேயே உங்கள் பிரிவுகள் தெரிந்துவிடும். பெரும்பாலான பள்ளிகளுக்கு நான்கு போதும்: தரையில் கிடக்கும் கம்புகளை டிராட்டில் (மிதமான ஓட்டத்தில்) கடக்கும் தொடக்கப் பிரிவு, 45 சென்டிமீட்டர் குறுக்குக் கம்பு, 60 சென்டிமீட்டர், 75 சென்டிமீட்டர். 90 சென்டிமீட்டருக்கு ஐந்து பேராவது உறுதியாகச் சொன்னால் மட்டும் அதைச் சேருங்கள். இரண்டு பேர் ஓடி இருவரும் ரிப்பன் வாங்கும் பிரிவில் யாருக்கும் பெருமை இல்லை.

ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு தாண்டல் சுற்று, தடையில்லாத ஃபிளாட் ஒன்று (பல குதிரைகள் ஒரே நேரத்தில் களத்தில் ஓடுவது). இவற்றுக்கு வெளியே எக்விடேஷன் ஒன்று வையுங்கள். அதில் மார்க் ஏறுபவருக்கு: உட்காரும் விதம், கை, கால், கண் பார்வை. குதிரை சுமாராக இருந்தாலும் நன்றாக ஏறும் பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்கும்.

பள்ளிக் குதிரைகளை வைத்து நடத்துபவர்கள் மறந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு. ஒரே குதிரையை இரண்டு பிள்ளைகள் பகிர்ந்துகொண்டால் இருவரும் ஒரே ஃபிளாட் சுற்றில் இறங்க முடியாது. எனவே ஃபிளாட்டை அ, ஆ என்று முதலிலேயே பிரித்து அச்சிடுங்கள். வழக்கமாக ஹண்டரில் சாம்பியன் பட்டம் குதிரைக்குப் போகும். உங்களுக்கு அது சரிப்படாது, குதிரையும் ஏறுபவரும் சேர்ந்த ஜோடிக்கு என்று விதியில் எழுதுங்கள். ஒரு குதிரைக்கு ஒரு நாளில் நான்கு தாண்டல் சுற்று, இரண்டு ஃபிளாட், அதற்கு மேல் கூடாது என்பது எங்கள் கருத்து.

பரிசுக்காகக் கீழே இறங்கி வருபவர்களையும் தடுக்க வேண்டும். போட்டியில் 90 சென்டிமீட்டர் தாண்டியவர் 60 பிரிவில் சேரக் கூடாது, யாரும் அடுத்தடுத்த இரண்டு உயரங்களில் மட்டுமே பெயர் கொடுக்கலாம் என்ற இரண்டு வரிகள் போதும்.

மதியம் மழை வருவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு காலைப் பொழுதில் எத்தனை பேரைச் சேர்க்கலாம்?
– வாசகர், சுங்கை பூலோ

கோலாலம்பூரில் விடிவதே ஏழு மணியை ஒட்டித்தான். ஏழரைக்கு முதல் குதிரை இறங்கி பதினொன்றரைக்கு முடிந்தால் கையில் 240 நிமிடம். தடை உயரத்தை மாற்ற மூன்று முறை பத்துப் பத்து நிமிடம் போகும். நான்கு ஃபிளாட்டுக்கு, ஒன்றுக்குப் பன்னிரண்டு வீதம், 48. கழன்ற லாடம், தாமதமாக வரும் லோரி, அறுந்த அங்கவடி வார் ஆகியவற்றுக்கு இருபது. மிச்சம் 142. எட்டுத் தடை ஓடி முடிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். உள்ளே வந்து வெளியே போவதையும் சேர்த்தால் இரண்டு. நடுவர் மார்க் எழுதவும் மூச்சு விடவும் கொஞ்சம் விட்டால், ஏறக்குறைய அறுபது சுற்று. ஆளுக்கு இரண்டு தாண்டல் என்றால் முப்பது ஜோடி. மூன்று வைத்தால் இருபதுதான். பிரிவுக்கு இரண்டு தாண்டல் போதும் என்று மேலே சொன்னதற்கு இந்தக் கணக்கும் காரணம்.

தாமதம் பெரும்பாலும் வாசலில்தான் நடக்கிறது. ஒருவர் உள்ளே ஓடும்போது அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும், அதற்கடுத்தவர் வார்ம்-அப் களத்தில் கடைசித் தடையைத் தாண்டிக்கொண்டிருக்க வேண்டும். வரிசைப் பலகையோடு அங்கே ஒருவரை நிறுத்துங்கள். குரல் உள்ளவராக இருக்கட்டும். இடி கேட்டால் உடனே நிறுத்தி, கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் காத்திருங்கள். வருட நடுவிலும் கடைசியிலும் வரும் பருவ மாற்ற மாதங்களில், ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர், மாலை நிகழ்ச்சியை நினைத்தே பார்க்காதீர்கள்.

சென்ற போட்டியில் தடைகளுக்கு இடையே ஐந்து எட்டு (குதிரை ஓடும்போது வைக்கும் ஒரு முழு அடி) வரும்படி 22 மீட்டர் விட்டோம். உயரம் 60 சென்டிமீட்டர். குதிரைகள் ஆறு எட்டு வைத்தன, சில கடைசியில் பாய்ந்து கம்பைத் தட்டின. குட்டையான போனிகள் பாடு இன்னும் மோசம். எங்கே தவறு?
– வாசகர், கெலுகோர்

அளவு புத்தகத்துக்குச் சரி, 60 சென்டிமீட்டருக்குத் தவறு. கேன்டரில் (டிராட்டைவிட வேகமான ஓட்டத்தில்) குதிரையின் ஒரு எட்டு 3.65 மீட்டர் என்று கொள்வது வழக்கம். தாண்டி இறங்கும் இடத்துக்குப் பாதி எட்டு, அடுத்ததில் எழும்பும் இடத்துக்குப் பாதி எட்டு. ஆக ஐந்து எட்டுக்கு ஆறு மடங்கு, 21.9 மீட்டர். ஆனால் இது ஒரு மீட்டர் உயரத் தடையை நல்ல வேகத்தில் தாண்டும் பெரிய குதிரைக்கான கணக்கு. தாழ்ந்த தடையில் குதிரை அருகிலேயே எழும்பி அருகிலேயே இறங்கும், வேகமும் குறைவு. 60 சென்டிமீட்டருக்கு 20.1 முதல் 20.7 மீட்டர் வையுங்கள். 75-க்கு 20.7 முதல் 21.3. முதல் தடையின் பின்பக்க அடியிலிருந்து அடுத்ததன் முன்பக்க அடிவரை டேப்பால் அளக்க வேண்டும். காலால் அளந்து பழகியவர்கள்கூடப் போட்டியன்று டேப்பை எடுப்பது நல்லது.

அந்த எண்ணையும் களத்துக்கேற்பத் திருத்த வேண்டும். வாசலை, அதாவது லாயத்தை நோக்கி ஓடும்போது குதிரை தானாகவே நீட்டி ஓடும். முப்பது சென்டிமீட்டர் கூட்டுங்கள். எதிர்ப் பக்கம் போகும் வரிசையில் அதே அளவு குறையுங்கள். முதல் நாள் மழையில் மணல் ஊறிக் கனத்திருந்தால் எல்லாவற்றையும் குறையுங்கள். 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள களத்தில் ஐந்து எட்டு வரிசை வசதியாக நிற்கும், இரு முனைகளிலும் திரும்ப இருபது மீட்டர் மிஞ்சும். அதைவிடச் சிறிய களத்தில் நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போனிகளைக் குதிரைகளோடு கலக்கவே கூடாது. தோள் உயரம் 14.2 கை (14 கை 2 அங்குலம்) வரை போனி. ஒரு கை நான்கு அங்குலம். அதிலும் 12.2 கைக்குக் கீழே உள்ள சின்னதுக்கு ஐந்து எட்டு 18.3 மீட்டர்தான் வரும், பெரிய போனிக்கு 20.1 வரை போகலாம். சின்னவற்றை அடுத்தடுத்து ஓடவிட்டு, வரிசையின் இரண்டாவது தடையை மட்டும் நகர்த்துங்கள். அது நிற்க வேண்டிய இடத்தை மணலில் குறித்தால் பத்துக் குதிரை ஓடியதும் அழிந்துவிடும். அதற்கு நேரே வேலிக் கம்பியில் நிற டேப் சுற்றுங்கள்: குதிரைக்குச் சிவப்பு, போனிக்கு மஞ்சள். தடை நகர்த்தும் பையன்கள் கேள்வி கேட்காமல் நகர்த்துவார்கள்.

முதல் மூன்று குதிரைகளும் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்தால் குற்றம் குதிரையுடையது இல்லை, உங்கள் டேப்புடையது. அப்படியிருந்தும் பிரிவு நடக்கும்போது தடையை நகர்த்தினால், ஏற்கெனவே ஓடியவர்களை மறுபடி ஓடவிட வேண்டும்.

தடைகளை எதைக் கொண்டு அலங்கரிப்பது? மூங்கில், பி.வி.சி. குழாய் மலிவாகக் கிடைக்கிறதே?
– வாசகி, பத்து கேவ்ஸ்

இரண்டும் வேண்டாம். மூங்கில் பிளந்தால் ஈட்டி. பி.வி.சி. உடைந்தால் கத்தி முனை, அதோடு மிக லேசானது. ஒருமுறை தட்டியும் வலிக்கவில்லை என்று தெரிந்த குதிரை அடுத்த முறை காலைத் தூக்காது. மரக் கம்புதான் சரி. அதைத் தாங்கும் கப் ஆழமில்லாமல், தட்டினால் கழன்று விழுவதாக இருக்க வேண்டும்.

ஹண்டர் தடை வயல் வேலியை ஞாபகப்படுத்த வேண்டும்: பச்சை, பழுப்பு, வெள்ளை, கொஞ்சம் இலை தழை. காகிதப்பூ, செம்பருத்தி பிளாஸ்டிக் தொட்டியில் வைக்கலாம், மண் தொட்டி கூடாது. அரளியை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள். கோயில் பூ என்று பார்க்க அழகாக இருக்கும். சில இலைகளைக் கடித்தாலே குதிரையின் இதயத்தைத் தாக்கும் விஷம். தரைக் கம்பு தடைக்கு முன்னால் பதினைந்து முப்பது சென்டிமீட்டர் தள்ளிக் கிடக்கட்டும். தடைக்குப் பின்னால் போனால் குதிரை எழும்ப வேண்டிய இடத்தைத் தப்பாகக் கணக்கிட்டு மோதும்.

ஒரு கம்பும் விழவில்லை, ஆனாலும் என் மகளுக்கு நான்காம் இடம். நடுவர் எதைப் பார்த்து மார்க் போடுகிறார்?
– ஒரு தாயார், ஆயர் ஈத்தாம்

கம்பு விழாதது ஹண்டரில் அடிப்படை மட்டுமே, அம்மா. சாதாரணமாக 80-க்கு மேல் என்றால் நல்ல சுற்று, 90 என்றால் மிகச் சிறப்பு. வளைவில் தவறான காலில் ஓடியது, தடைக்கு முன்னால் குட்டி எட்டு ஒன்று சேர்த்தது போன்றவற்றில் மார்க் 60, 70-களுக்கு இறங்கும். நடுவில் டிராட்டுக்கு இறங்கினால் ஐம்பதுகள். கம்பு விழுந்தால் 45 வாக்கில், ஒருமுறை மறுத்தால் 40 வாக்கில். அதனால் மகளுக்கு முன்னால் வந்த மூவரும் அவரைவிட ஒரே சீராக ஓடியிருப்பார்கள்.

நடத்துபவர்களுக்கு ஒன்று: மார்க்கை ஒலிபெருக்கியில் அறிவித்தால் புகார் பாதி குறையும். நடுவர் பக்கத்தில் எழுத ஒருவர் உட்காரட்டும். தடைக்கு ஒரு கட்டம், அதில் ஒரு குறிப்பு. பெற்றோர் கேட்டால் பிரிவு முடிந்த பிறகு அலுவலர் மூலம் அந்தத் தாளைக் காட்டுங்கள், நடுவரிடம் நேரே போக விடாதீர்கள். கலந்துகொள்பவர்களில் ஒருவருக்குக்கூடப் பாடம் நடத்தாதவர்தான் நடுவராக இருக்க வேண்டும். கோலாலம்பூர் வட்டாரம் சின்னது. பினாங்கிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வரவழைக்கும் பயணச் செலவு வீண் போகாது.

எங்களிடம் இருப்பவை பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகள். ஓடும்போதே கால் மாற்றத் தெரியாது. ஹண்டருக்கு ஆகுமா?
– வாசகர், சுங்கை பீசி

ஆகும். 75 சென்டிமீட்டர் வரை, சில எட்டு டிராட்டுக்கு இறங்கிக் காலை மாற்றி மறுபடி கேன்டருக்குப் போவதற்குத் தண்டனை இல்லை என்று விதியில் எழுதிவிடுங்கள். அதை எழுதாத போட்டியில்தான் பிள்ளைகள் வளைவில் குதிரையைப் பிடித்து இழுக்கிறார்கள். பந்தயக் குதிரைக்கு இன்னொரு சிக்கல் ஃபிளாட். எட்டுக் குதிரை ஒன்றாகக் கேன்டரில் ஓடினால் பழைய ஞாபகம் வந்துவிடும். ஒரு சுற்றில் ஆறு போதும், கேலப் (முழுவேக ஓட்டம்) கேட்கவே வேண்டாம்.

வெயிலுக்கும் நோய்க்கும் என்ன ஏற்பாடு?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

கோட் கட்டாயம் இல்லை என்று முதலிலேயே அறிவியுங்கள். தலைக்கவசத்துக்கு விலக்கே கிடையாது. வெளியே வரும் வாசலருகே தண்ணீர்க் குழாய், நிழல், வாளி. கழுத்து, மார்பு, தொடைகளில் இடைவிடாமல் குளிர்ந்த நீர் ஊற்றலாம். தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் தேவையில்லை. உடல் வெப்பம் 40 டிகிரிக்கு மேல் இருந்து, பத்து நிமிடம் ஊற்றியும் இறங்காவிட்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வெயிலில் நின்றும் வேர்க்காத குதிரையைக் கண்டால் அன்றைக்கு அதற்குப் போட்டி கிடையாது. நம் புழுக்கத்தில் இது அடிக்கடி வரும் கோளாறு, குதிரையைப் பராமரிக்கும் சைஸ்தான் முதலில் கண்டுபிடிப்பார். அவர் பேச்சைக் கேளுங்கள்.

2020-ல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாய்லாந்தில் வந்து பிறகு இங்கும் வந்தது. அதைப் பரப்புவது சிறிய கடிக்கும் பூச்சி. அந்தி முதல் விடியல் வரை அதன் நேரம். இரவு தங்கும் குதிரைகளுக்கு நெருக்கமான வலை போட்ட லாயம் வேண்டும். சாதாரணக் கொசுவலைக் கண் அதற்குப் பெரிது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் குதிரைக்கு இடமாற்ற அனுமதியைக் கால்நடைச் சேவைத் துறையிடம் சில வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். தடுப்பூசிச் சான்று நகலை நுழைவுப் படிவத்தோடு வாங்குங்கள். லோரி வாசலுக்கு வந்த பிறகு கேட்டால் அந்தக் குதிரையைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

சாம்பியன் எப்படிக் கணக்கிடுவது?
– வாசகர், கிள்ளான்

முதல் ஆறு இடங்களுக்கு 10, 6, 4, 2, 1, அரை. மூன்று சுற்றின் புள்ளிகளையும் கூட்டுங்கள். சமமாக வந்தால் தாண்டலில் அதிகம் எடுத்தவர் வெல்வார் என்று விதியில் இருக்கட்டும். ரிப்பன் கொடுப்பதற்கு முன் முதல் ஆறு குதிரைகளையும் சேணமில்லாமல் டிராட்டில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நொண்டும் குதிரைக்கு இடம் இல்லை, அதன் இடத்துக்கு அடுத்தது ஏறும். ஏழாவது, எட்டாவது குதிரைகளை இது முடியும்வரை லாயத்துக்குப் போக விடாதீர்கள்.