கரிமத் தொகுப்பில் கணினி: கேள்வி பதில்

முதுகலை மாணவி: ஐயா, கரிமத் தொகுப்பில், அதாவது எளிய கரிமப் பொருள்களிலிருந்து வேண்டிய மூலக்கூறை உருவாக்குவதில், பின்னோக்கித் திட்டமிடுவதைக் கணினி எப்படிச் செய்கிறது?

பதில்: நாம் செய்வதைப் போலத்தான். வேண்டிய மூலக்கூறில் ஒரு பிணைப்பை வெட்டி, எந்தத் துண்டுகளைச் சேர்த்தால் இது கிடைக்கும் என்று பார்க்கிறது. பிறகு அந்தத் துண்டுகளையும் வெட்டுகிறது. எல்லாத் துண்டுகளும் கடையில் வாங்கக்கூடியவையாகிவிட்டால் வழி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு படியிலும் 20 விதமாக வெட்டலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் 32 லட்சம் வழிகள் வந்து நிற்கும். எவற்றைப் பார்க்காமலே தள்ளுவது என்பதில்தான் மென்பொருளின் கெட்டிக்காரத்தனம்.

ஓய்வுபெற்ற வேதியியலாளர்: இதெல்லாம் செயற்கை நுண்ணறிவு வந்த பிறகுதானே?

பதில்: இல்லை. ஹார்வர்டில் இ. ஜே. கோரியும் டாட் விப்கேயும் 1969இலேயே இதைப் பற்றி 'சயன்ஸ்' இதழில் எழுதிவிட்டார்கள். அப்போது விதிகளை மனிதர்களே எழுதிக் கொடுத்தார்கள். 2018இல் 'நேச்சர்' இதழில் வேதியியலாளர் மார்வின் செக்லரின் குழுவினர் வெளியிட்ட முறையில், கணினி பல லட்சம் வினைகளைப் படித்துத் தானே கற்றுக்கொண்டது.

கல்லூரி ஆசிரியர்: வகுப்பில் மென்பொருளைக் காட்டினால் பிள்ளைகள் யோசிப்பதையே விட்டுவிட மாட்டார்களா?

பதில்: முதலில் காட்டினால் விட்டுவிடுவார்கள். தாளில் எழுத வைத்த பிறகு காட்டுங்கள். பென்சோகெய்ன் என்ற மரப்பு மருந்து நல்ல பயிற்சி: பென்சீன் வளையத்தில் ஒரு பக்கம் அமின், நேர் எதிரே எத்தில் எஸ்டர். வளையத்தில் மெத்தில் தொகுதி மட்டும் உள்ள டொலுயீனில் தொடங்கச் சொல்லுங்கள். முதலில் வளையத்தில் நைட்ரோ தொகுதியை ஏற்ற வேண்டும். மெத்தில் தொகுதி நைட்ரோவை ஆர்த்தோ (தனக்கு அடுத்த), பாரா (நேர் எதிரான) இடங்களுக்கு அனுப்பும், பாராவைப் பிரித்தெடுக்கலாம். பிறகு மெத்திலை ஆக்சிஜனேற்றி அமிலமாக்கி, எஸ்டராக்கி, கடைசியில் நைட்ரோவை அமினாக ஒடுக்க வேண்டும். ஆக்சிஜனேற்றத்தை முதலில் செய்தவன் மெட்டாவில் (ஒன்று தள்ளிய இடத்தில்) போய் விழுவான், அமிலத் தொகுதி நைட்ரோவை அங்கேதான் அனுப்பும். அமினை அவசரப்பட்டு முன்பே உருவாக்கியவன், ஆக்சிஜனேற்றப் பெர்மாங்கனேட்டை ஊற்றும்போது அதையும் சேர்த்துக் கெடுப்பான். கடைசி இரண்டு படிகளை மட்டும் இடம் மாற்றலாம். ஆனால் அப்போது அமின், எஸ்டராக்கச் சேர்க்கும் வினையூக்கி அமிலத்தோடு உப்பாகிவிடும், அமிலத்தைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். இதன்பின் மென்பொருள் தரும் வழிகளைக் கொடுத்துக் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கணினியைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் உற்சாகம் தேர்வுத்தாளில் வராது!

இன்னொரு ஆசிரியர்: கட்டணமில்லாத மென்பொருள் உண்டா?

பதில்: உண்டு. அஸ்ட்ராஜெனெகாவின் ஐசிந்த்ஃபைண்டர், எம்.ஐ.டி.யின் ஆஸ்காஸ்.

ஆய்வு மாணவர்: கீட்டோன்மேல் கிரிக்னார்டு வினைபொருளை (கார்பன்-மக்னீசியம் பிணைப்புள்ள சேர்மத்தை) சேர்க்கச் சொன்னது மென்பொருள். எதுவும் நடக்கவில்லை. என் மூலக்கூறில் ஒரு ஹைட்ராக்சிலும் இருக்கிறது.

பதில்: கிரிக்னார்டு அந்த ஹைட்ராக்சிலிடம்தான் போயிருக்கிறது. ஹைட்ராக்சிலின் புரோட்டான் கிரிக்னார்டை முதலில் தின்றுவிடும். சிலிக்கான் கொண்ட சிலில் தொகுதியால் ஹைட்ராக்சிலை மூடிவிட்டு வினையை நடத்துங்கள், பிறகு நீக்குங்கள். இரண்டு படிகள் கூடும். மென்பொருள் படித்ததில் பெரும்பகுதி காப்புரிமை ஆவணங்கள். நடந்த வினையைத்தான் அங்கே எழுதுவார்கள். தோற்ற குடுவையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்? உங்கள் குறிப்பேட்டில் இதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.