கரண்டு பில் இருக்கும்போது சான்றிதழ் எதற்கு?

கேள்வி: பினாங்கு, பிறையில் எட்டுப் பேரை வைத்துத் தையல் பட்டறை நடத்துகிறேன். ஐரோப்பிய ஆடம்பர பிராண்டு ஒன்றின் கைப்பைகளுக்கான துணி உறைகளை, பேக்கேஜிங் கம்பெனி ஒன்றின் மூலம் தைத்துக் கொடுக்கிறோம். இப்போது ‘கார்பன் கணக்கு’ கேட்டு ஒரு நீண்ட பாரம் வந்திருக்கிறது. 12,000 வெள்ளி கொடுத்தால் ‘கார்பன் நடுநிலை’ சான்றிதழ் வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். அது இல்லாவிட்டால் ஆர்டர் போய்விடுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அக்கா. அவர்கள் கேட்பது சான்றிதழ் அல்ல, உங்கள் பட்டறை எவ்வளவு கார்பன் வெளியிடுகிறது என்ற உண்மையான எண்.

ஆடம்பர பிராண்டுகளின் கடைகளும் அலுவலகங்களும் வெளியிடும் கார்பன் கொஞ்சம்தான். பெரும்பங்கு தோல், பருத்தி, சாயம், தையல் என்று பிறர் கையில் இருக்கிறது. இதை ‘ஸ்கோப் 3’ என்பார்கள். உதாரணத்துக்கு, கூச்சி (Gucci) என்ற ஆடம்பர பிராண்டை வைத்திருக்கும் பாரிஸின் கெரிங் குழுமம், 2021-ஐ அடிப்படையாகக் கொண்டு 2035-க்குள் மொத்த உமிழ்வை 40 விழுக்காடு குறைப்பதாக 2023-இல் அறிவித்தது. இப்படி வாக்குக் கொடுத்த கம்பெனிகளுக்குச் சப்ளையரின் நிஜக் கணக்கு வேண்டும். அது கிடைக்காதவரை, உங்களுக்குக் கொடுத்த பணத்தை ஒரு சராசரியால் பெருக்கித் தோராயமாக எழுதிக்கொள்வார்கள். வாக்குக் கொடுப்பது பாரிஸில், பாரம் நிரப்புவது பிறையில். அதற்காக ஓர் உறைக்கு ஒரு காசு கூட்டிக் கொடுப்பார்களா என்றால், அதுதான் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பன்னிரண்டு மாத டி.என்.பி. கரண்டு பில்களை எடுத்து யூனிட்டுகளைக் கூட்டுங்கள். மாதம் 1,500 யூனிட் என்றால் வருடத்துக்கு 18,000. தீபகற்ப மலேசியாவுக்கு எரிசக்தி ஆணையம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு எண், யூனிட்டுக்கு 0.774 கிலோ கார்பன். பெருக்கினால் ஏறத்தாழ 13.9 டன். அப்புறம் வேன். டீசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. மாதம் 150 லிட்டர் போட்டால் வருடத்துக்கு 4.9 டன் வரும். ஆக மொத்தம் 18.8 டன். பெட்ரோல் வேனாக இருந்தால் லிட்டருக்கு 2.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கா 12,000 வெள்ளி?

ஒரே ஒரு சிக்கல் வரலாம், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நிறைய பட்டறைகள் கடைவீட்டு மாடியில் இருக்கின்றன. மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், கரண்டு வாடகையோடு சேர்ந்துவிடும். அப்போது மொத்த பில்லைச் சதுர அடிக் கணக்கில் பிரிப்பது வழக்கம். ஆனால் கீழ்த்தளத்தில் மீன் வியாபாரி குளிர்பெட்டி ஓட்டிக்கொண்டிருந்தால், அவருடைய கார்பனும் உங்கள் தலையில் விழும். ஒரு சப் மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். அதுவரை இயந்திரங்களின் வாட் அளவையும் ஓடும் நேரத்தையும் பெருக்கிக் கணக்கிட்டு, ‘இது மதிப்பீடு’ என்று பாரத்திலேயே எழுதிவிடுங்கள். மதிப்பீடு என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகளின் அறிக்கைகளிலேயே மதிப்பீடுகள் நிறைய உண்டு.

இனி அந்த ஆலோசகர் விஷயம். இவர்கள் செய்வது என்னவென்றால், எங்கோ ஒரு காட்டுத் திட்டத்தின் கார்பன் கிரெடிட்டை, அதாவது அங்கே மிச்சமானதாகச் சொல்லப்படும் கார்பனுக்கான சீட்டை, மலிவாக வாங்கி, உங்கள் 18.8 டன்னைக் காகிதத்தில் பூஜ்யமாக்கி, தங்க நிறத்தில் முத்திரை குத்திக் கொடுப்பது. நீங்கள் கிரெடிட் வாங்கினால் பிராண்டின் ஸ்கோப் 3 குறையாது, அதன் கணக்கில் உங்கள் 18.8 டன் அப்படியேதான் நிற்கும். கூச்சியே 2019-இல் இப்படிக் காட்டுக் கிரெடிட்டுகளை வாங்கி ‘கார்பன் நடுநிலை’ என்று அறிவித்தது. அந்த வகைக் கிரெடிட்டுகளின் மேல் பெரிய கேள்விகள் எழுந்ததும் 2023-இல் அந்த வாசகத்தைத் தன் இணையத்தளத்திலிருந்து எடுத்துவிட்டது. கிரெடிட்டை நம்பி ஒரு பொருளை ‘நடுநிலை’ என்று விற்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 செப்டம்பர் முதல் தடையும் வருகிறது. அந்தச் சான்றிதழை அங்கே யார் கேட்கப்போகிறார்கள்?

இன்னொரு பொறி பாரத்துக்குள்ளேயே இருக்கும். ‘உங்கள் இலக்கு என்ன’ என்ற கட்டத்தில் ஆலோசகர்கள் உங்களைக் கேட்காமலே ‘2050-இல் நிகர பூஜ்யம்’, அதாவது அதற்குள் உமிழ்வை ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடுவோம், என்று எழுதிவிடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் அப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறு வருடம் ஆடிட்டர் வந்து ‘திட்டம் எங்கே’ என்று கேட்டபோது முழித்தார். ‘தற்போது இலக்கு இல்லை, இந்த ஆண்டுக் கணக்கே அடிப்படை’ என்று உள்ளதை எழுதுங்கள்.

மற்ற கேள்விகளுக்கு, கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா 2023-இல் சிறு தொழில்களுக்காக வெளியிட்ட எஸ்.இ.டி.ஜி. (SEDG) என்ற வழிகாட்டி இருக்கிறது, இப்படிப்பட்ட பாரங்களில் என்ன எழுதுவது என்று சொல்லும். இலவசம்தான். அதில் ‘அடிப்படை’ நிலையை மட்டும் பாருங்கள், உங்களுக்கு அது போதும்.

பில் நகல்களை ஒரே கோப்பில் போட்டு பேக்கேஜிங் கம்பெனிக்கு அனுப்புங்கள். ‘சான்றிதழ் கட்டாயமா?’ என்று அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். கட்டாயம் என்றால், செலவு யாருடையது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.