இயற்பியலில் 22 எடுத்த பெண்ணுக்கு மூன்றாவது நீட் எதற்கு?

வணக்கம்மா. பாப்பா இரண்டாவது தடவையும் நீட் எழுதி 365தான் வந்திருக்கிறது, பெரியப்பா நாமக்கல்லில் மறுபடியும் நீட் கோச்சிங்குக்கு விடுதியோடு ஒன்றரை லட்சத்துக்குப் பேசி வைத்திருக்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் வைக்காதீர்கள்.

அந்த 365ஐப் பிரித்துப் பாருங்கள். உயிரியல் 262, வேதியியல் 81, இயற்பியல் 22. நீங்கள் அனுப்பிய ஓஎம்ஆர் விடைத்தாள் நகலைப் பார்த்தேன்: இயற்பியலில் 45 கேள்வியில் 28ஐத் தொட்டிருக்கிறாள், 10 சரி, 18 தப்பு. சரிக்கு நாலு, தப்புக்கு ஒன்று கழிவு; வாங்கிய நாற்பதில் பதினெட்டு மைனஸிலேயே போய்விட்டது. ஒரு வருடம் முழுக்க கோச்சிங் போன பிறகு இந்த நிலைமை! பிளஸ் ஒன் வெக்டாரும் விசையும் புரியாமலே மேலே போனவளுக்கு ஃபார்முலா தாளும் வாராந்திரத் தேர்வும் கொடுத்து என்ன பயன்? நூறு பேர் உட்காரும் வகுப்பில் அவளுக்காக யாரும் பின்னால் போய் முதலிலிருந்து நடத்தப் போவதில்லை. அடுத்த வருடமும் அதே தாள், அதே தேர்வுதான்.

பாப்பாவிடம் தனியாகப் பேசினேன். காது எப்படிக் கேட்கிறது என்ற பகுதியைத்தான் விரும்பிப் படித்தாளாம் (இப்போதைய நீட் பாடத்திட்டத்தில் அது இல்லை, அது வேறு கதை). காக்ளியர் கருவி (காது கேட்க அறுவை சிகிச்சை செய்து உள்ளே பொருத்துவது) வைத்த அத்தை பேத்தியோடு பயிற்சிக்குப் போய் உட்கார்ந்த நாட்களைப் பற்றி அவ்வளவு பேசினாள். உங்களிடம் சொன்னாளா?

அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது, பி.ஏ.எஸ்.எல்.பி. கேட்பியல், பேச்சு-மொழி சிகிச்சை. மூன்று வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. தமிழ்நாட்டில் துணை மருத்துவப் படிப்புகளுக்கான கலந்தாய்வில் வருகிறது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் வேண்டாம். சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே இருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய அரசின் பேச்சு, கேட்டல் நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, அதையும் எழுதட்டும். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பது, காது மெஷினை ஆளுக்கேற்ப அமைப்பது, திக்குவாய், பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் என்று வேலை விரிந்துகொண்டே போகும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி வைக்கிறார்கள் அல்லவா, வைத்த உடனே குழந்தை பேசிவிடாது. மாதக்கணக்கில் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு ஒலியாகப் பழக்க ஆள் வேண்டும். அந்த ஆள்தான் இவர்கள். படித்து முடித்ததும் ஆர்.சி.ஐ.யில் (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு செய்ய வேண்டும், அது இல்லாமல் தொழில் பார்க்க முடியாது. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கேயும் இயற்பியல் உண்டு, ஆனால் அதிர்வெண், டெசிபல் என்று ஒலி சம்பந்தப்பட்டதுதான். அவளுக்குப் பிடித்த பக்கம்.

"டாக்டர்னு போட்டுக்க முடியுமா" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். முடியாது. அதற்காக ஒரு வருடத்தையும் நகையையும் கொடுப்பீர்களா? நிகர்நிலைப் பல்கலைக்கழக எம்.பி.பி.எஸ். பேச்சை எடுக்கவே வேண்டாம், பெரும்பாலும் வருடத்துக்கு இருபது லட்சத்தைத் தாண்டும் இடங்கள் அவை.

இல்லை, அவளே இன்னொரு தடவை எழுதுகிறேன் என்று சொன்னால், அவள் வாயால் சொன்னால், வீட்டிலிருந்தே எழுதட்டும். முதல் மூன்று மாதம் பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகம் மட்டும், ஊரில் ஒரு நல்ல வாத்தியாரிடம் தனியாக. தெரியாத கேள்வியை விட்டுவிடப் பழக வேண்டும். எப்படியானாலும் கலந்தாய்வு விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடுங்கள். பெரியப்பாவை எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.