கோச்சை மாற்றும் முன் ஒரு கணக்கு

கேள்வி: அண்ணா, நான் தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன், எங்கள் கால்பந்து கிளப் கமிட்டியில் இருக்கிறேன். கடைசி 7 ஆட்டத்தில் 5 தோல்வி. கோச்சை மாற்றியே ஆகவேண்டும் என்று பையன்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். “கேரளா பிளாஸ்டர்ஸே மாற்றவில்லையா?” என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். நான் எந்தப் பக்கம் கை தூக்குவது?

பதில்: தம்பி, தோற்ற அந்த 5 ஆட்டத்திலும் உங்கள் முதல் பதினொரு பேரில் எத்தனை பேர் கரையில் இருந்தார்கள்? நம் பக்கத்தில் இதைக் கேட்காமல் கோச்சைப் பற்றிப் பேசவே கூடாது. ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போனவன் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரும் தடுக்கும் சென்டர் பேக்கும் ஒரே போட்டில் போய்விட்டால், யார் கோச்சாக இருந்தாலும் கோல் விழத்தான் செய்யும்.

இப்படி ஒரு ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தேன். பையன் முந்தின இரவுதான் தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் இறங்கியிருந்தான். உள்ளங்கை முழுக்கக் கயிறு அறுத்த கோடு. முதல் பத்து நிமிடம் பம்பரமாகச் சுழன்றான். அப்புறம் இடுப்பில் கையை ஊன்றி நின்றுவிட்டான். அவன் பின்தொடராமல் விட்ட ஆள்தான் அடுத்த கோலை அடித்தான். கோட்டுக்கு வெளியே நின்ற கூட்டம் திட்டியது கோச்சை. எனக்கு மனசே ஆறவில்லை.

அடுத்தது, ஸ்கோரை மட்டும் பார்க்காதீர்கள். அந்த 7 ஆட்டத்தின் போன் வீடியோ எதுவானாலும் தேடி எடுங்கள். கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பாக்ஸுக்குள்ளிருந்து நாம் எத்தனை ஷாட் அடித்தோம், அவர்கள் எத்தனை அடித்தார்கள் என்று எண்ணுங்கள். நம் கணக்கு கூடுதலாக இருந்தும் தோற்றிருந்தால் அது பெரும்பாலும் கெட்ட நேரம், தானாகத் திரும்பும். கோச்சை மாற்றியதும் பல அணிகள் ஜெயிக்கத் தொடங்குவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அடிமட்டத்தில் கிடக்கும்போதுதான் மாற்றுகிறோம்; அங்கிருந்து எப்படியும் கொஞ்சம் ஏறும். பெயர் புது ஆளுக்குப் போய்விடுகிறது. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் எதிரணி உங்கள் பாக்ஸுக்குள்ளேயே குடியிருந்தால், குறை பயிற்சியில்தான்.

பிளாஸ்டர்ஸ் கதைக்கு வருவோம். இந்தியன் சூப்பர் லீக்கில் 2020-21 சீசனில் 11 அணிகளில் 10-ஆவது இடம். இவான் வுகோமனோவிச் கோச்சாக வந்தார், 2022-ல் இறுதிப் போட்டி வரை போனார்கள், ஹைதராபாத்திடம் பெனால்டியில் தோற்றார்கள். ஆனால் அந்த வருடம் கோச் மட்டுமா மாறினார்? அட்ரியன் லூனா, அல்வாரோ வாஸ்கெஸ் என்று வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் புதிதாக வந்தார்கள். அதே கிளப் 2024-ல் இவானை அனுப்பிவிட்டு மிக்கேல் ஸ்டாரேயைக் கொண்டுவந்தது. டிசம்பருக்குள் அவரையும் அனுப்பியது. கோப்பை இன்னும் வரவில்லை.

பாதியில் மாற்றி ஜெயித்ததும் உண்டு. இங்கிலாந்து கிளப் செல்சி 2012 மார்ச்சில் கோச் வில்லாஸ்-போவாஸை நீக்கிவிட்டு, மே மாதம் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. பொறுப்பேற்ற டி மத்தேயோ அதுவரை அங்கேயே உதவி கோச்சாக இருந்தவர். ஒவ்வொரு ஆட்டக்காரனின் கால் பழக்கமும் அவருக்குத் தெரியும். பாதியில் மாற்றுவதென்றால் அப்படி உள்ளேயே இருக்கும் ஆளைப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து பெரிய பெயரைக் கூட்டிவந்தால், பையன்கள் பெயரைப் படிக்கவே அவருக்கு ஒரு மாதம் போய்விடும்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் தயங்கமாட்டேன். இடைவேளையில் கோச் பேசும்போது பையன்கள் முகத்தைப் பாருங்கள். சீனியர்கள் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறார்களா? சின்னப் பையன்களை அவர் அசிங்கமாகப் பேசுகிறாரா? அப்படியானால் எண்ணிக்கை எல்லாம் வேண்டாம், மாற்றிவிடுங்கள். பேச்சைக் கேட்காத அணிக்கு எந்தத் திட்டமும் உதவாது.

அது இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை மாற்றுவதற்குக் கை தூக்காதீர்கள். கோச்சுக்கு இன்னும் 5 ஆட்டம் அவகாசம் கேளுங்கள். யார் எந்தத் தேதியில் கரைக்கு வருகிறார்கள் என்று போட்டுக்காரர்களிடம் விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கோச் கையில் கொடுங்கள். அந்தத் தாளை இதுவரை யாராவது அவரிடம் கொடுத்திருக்கிறார்களா என்று கூட்டத்தில் முதலில் கேளுங்கள்.