முன்பணம் கொடுக்கும் முன் சித்திரையில் வந்து தங்குங்கள்

கேள்வி: அடுத்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறேன். பொங்கல் விடுமுறையில் மனைவியோடு கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துக்கு வந்து நான்கு நாள் தங்கினோம். இதமான காற்று, அமைதியான கடல், காலையில் பச்சை மீன். கோவையை விட்டு இங்கேயே வந்துவிடலாம் என்று தோன்றிவிட்டது. கடலைப் பார்த்தபடி 8 சென்ட் மனை ஒன்று இருக்கிறது. மாத இறுதிக்குள் முன்பணம் வேண்டும் என்கிறார் தரகர். கோடையில் மறுபடி வந்து பார்க்கிறோம் என்றால், "வெயில் நேரத்தில் எதற்கு சார் வீண் அலைச்சல்" என்கிறார். மனைவிக்கு மூட்டுவலியும் சர்க்கரையும் உண்டு. வாங்கலாமா?
— வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: இப்போது வாங்காதீர்கள். கோடையில் வர வேண்டாம் என்கிறாரே தரகர், கட்டாயம் கோடையில்தான் வர வேண்டும். நீங்கள் வந்தது தை மாதம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கிணறும் குளமும் நிறைந்திருக்கும், மேற்குக் கடல் அடங்கிக் கிடக்கும் நேரம் அது. அந்த நான்கு நாளை நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போடுவது நியாயமில்லை.

சித்திரை பிறந்ததும் இருவருமாக வாருங்கள். விடுதி வேண்டாம். கடற்கரை ஊரிலேயே ஒரு வீட்டை மாத வாடகைக்குப் பிடித்து, ஏசி போடாமல் இருந்து பாருங்கள். பகலில் கடல்காற்று வரும், சமாளித்துவிடலாம். இரவில்தான் கஷ்டம். வெயில் அளவு கோவையைவிடக் குறைவாகக்கூட இருக்கும், ஆனால் வியர்வை காயாது. உங்கள் ஊரில் ராத்திரி ஆக ஆகப் புழுக்கம் தணிவதுபோல இங்கே தணியாது. அறுபது வயதுக்கு மேல் இரவுத் தூக்கம் போனால் உடம்பில் மிச்சம் எல்லாமே கெடும்.

அதைவிட முக்கியம் தண்ணீர். கடலோர மணலில் மழைநீர் உப்புநீருக்கு மேல் ஓர் அடுக்காக நிற்கிறது. மழை முடிந்த தை மாதத்தில் அந்த அடுக்கு கனமாக இருக்கும், கிணற்றுநீர் இனிக்கும். சித்திரை வைகாசியில் ஊரே மோட்டார் போட்டு இறைக்க, அடுக்கு மெலிந்து அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். மனைக்குப் பக்கத்து வீட்டில் ஒரு குடம் தண்ணீர் கேட்டு வாங்குங்கள். அதில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், கொஞ்சம் துவரம்பருப்பை வேகப் போடுங்கள். நுரை வராமல் கை பிசுபிசுத்தால், பருப்பு வேகாமல் விறைத்து நின்றால், உங்கள் மனையில் போர் போட்டாலும் அந்தத் தண்ணீர்தான். குடிநீர்க் குழாயில் கோடையில் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்பதை அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். குடம் தூக்குகிறவர்களுக்குத்தான் சரியான கணக்குத் தெரியும். மூட்டுவலிக்காரர் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

போகிற வழியில் பத்துப் பதினைந்து வருடம் ஆன வீடுகளைக் கவனியுங்கள். கேட்டின் கீல், ஜன்னல் கம்பி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாம் உப்புக்காற்றில் எப்படி அரித்துக் கிடக்கின்றன, சன்ஷேடில் சிமென்ட் பெயர்ந்து கம்பி எப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது என்று தெரியும். ஓய்வூதியத்தில் அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கோடைக் கடலை நம்பி இறங்கவும் கூடாது. கள்ளக்கடல் என்பார்கள். இங்கே வானம் வெளுத்திருக்கும், காற்றும் இருக்காது. ஆனால் தெற்கே வெகுதூரத்தில் புயல்காற்று கிளப்பிய அலை நீளநீளமாக வந்து திடீரென்று கரையேறும். 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அப்படித்தான் உயிரை விட்டார்கள். அலை குறித்த எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவதும் இதே மே மாதத்தில்தான். அதை நினைக்காமல் கடல் பார்த்த வீடு கட்ட முடியாது.

முடிந்தால் அப்படியே ஆனி, ஆடியும் இருந்துவிடுங்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் அதே கடல் வேறு கடலாகிவிடும். மேற்குக் கரையில் பல ஊர்களில் அலை மணலை அரித்துக்கொண்டு வீட்டு வாசல் வரை வரும். ஓரிடத்தில் அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் அடுக்கித் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊரில் அரிப்பு கூடுவதும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இருக்கும் மீனவக் குடும்பங்களே வீட்டை இழந்து நிற்கும் கரை இது. 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் பட்டதையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயலில் தூத்தூர் பக்கத்துக் கிராமங்கள் ஆட்களைப் பறிகொடுத்ததையும் அவர்கள் யாரும் மறக்கவில்லை. மனையைப் பற்றித் தரகரிடம் கேட்பதைவிட, ஆடியில் அலை எதுவரை ஏறும் என்று அங்கே வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேளுங்கள். கையைக் காட்டிச் சொல்லிவிடுவார்.

நீங்கள் எழுதிய பச்சை மீனும் வருடம் முழுக்க ஒரே மாதிரி கிடைக்காது. விசைப்படகுகளுக்குச் சின்னமுட்டம் உள்ளிட்ட கிழக்குப் பக்கத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் தடைக்காலம். சிறு படகான வள்ளத்தில் போகிறவர்கள் கொண்டுவருவதுதான் அப்போது சந்தைக்கு வரும். நெய்மீன், அதாவது உங்கள் ஊர் வஞ்சிரம், விலை கேட்டால் தெரியும்.

பத்திரம் பற்றியும் ஒன்று. கடலோர ஒழுங்குமுறை விதிப்படி பல இடங்களில் உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது ஓதத்தில் கடல்நீர் ஏறும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்கு இடமில்லை. வீடு கட்ட அனுமதி கிடைக்குமா என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர் பக்கம் இருந்த மண் என்பதால் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்கலாம். அதைப் படிக்கத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

என்னைக் கேட்டால் நாகர்கோவிலை ஒட்டி ஒரு சின்ன வீடு பாருங்கள். சர்க்கரைக்கும் மூட்டுக்கும் ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கும். சாயங்காலம் சொத்தவிளைக்கோ சங்குத்துறைக்கோ போய்க் கடலைப் பார்த்துவிட்டு இருட்டுமுன் வீடு திரும்பிவிடலாம். அப்படியும் கடற்கரைதான் வேண்டும் என்றால், தரகரிடம் ஆவணி வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குள் வேறு யாராவது வாங்கிக்கொண்டால் வாங்கிக்கொள்ளட்டும், வேறு மனை கிடைக்கும்.